முதலில் மானிட்டர், கடைசியில் லைட்: கேமிங் பிசி கேள்வி–பதில்

பாகம் பாகமாக வாங்கி கேமிங் பிசி கட்டுகிறவர்களின் கேள்விகள் மட்டும் இந்த முறை. பதில்களில் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்திருக்கிறோம். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மகனுக்கு நல்ல கேமிங் பிசி கட்ட வேண்டும். கடைக்குக் கடை ஒரு கொட்டேஷன் தருகிறார்கள். எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது, பணத்தை எப்படிப் பிரிப்பது?
– வாசகர், கோவை

பதில்: மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். கொட்டேஷன் எல்லாம் பிராசஸரில்தான் ஆரம்பிக்கும், அந்த வரிசையே தப்பு. திரையில் எத்தனை பிக்சல் உண்டோ அத்தனையையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரும் ஒரு முழுப் படத்துக்கும்) கிராபிக்ஸ் கார்டு போட்டாக வேண்டும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். அதாவது 1080பிக்குத் தாராளமான கார்டு 4கேயில் நான்கு மடங்கு சுமை தூக்கும். திரை எதுவென்று முடிவானால் கார்டு பாதி முடிவாகிவிட்டது.

1080பிக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போதும். 27 அங்குல 1440பி திரைக்கு ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. 4கே என்றால் ஆர்டிஎக்ஸ் 5080க்குக் கீழே இறங்காதீர்கள். எங்களைக் கேட்டால் 1440பிதான் இன்றைக்குப் பணத்துக்கேற்ற இடம்.

ஒரு எச்சரிக்கை. 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக ஒரே பெயரில் விற்கின்றன. கொட்டேஷனில் ஜிபி எழுதவில்லை என்றால் கேட்டு எழுத வையுங்கள். கார்டின் மெமரி நிறைந்தால் கேமின் சராசரி வேகம் பெரிதாக இறங்காமலேகூட இருக்கலாம். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு கதவைத் திறக்கும்போது அரை நொடி உறையும். சுவரில் இருக்க வேண்டிய டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) மங்கலாக வந்து பிறகு தெளியும். வாங்கியவர் பிராசஸரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மானிட்டர் போக மீதியில் 100 ரூபாய் இருந்தால் 40–45 கார்டுக்கு, 18–20 பிராசஸருக்கு. மதர்போர்டுக்குப் பத்தைத் தாண்டத் தேவையில்லை. ஏஎம்டி ரைசன் பிராசஸருக்கு பி650 அல்லது பி850 போர்டு போதும். எக்ஸ்870 போர்டில் கூடுதல் காசுக்குக் கிடைக்கும் முக்கிய விஷயம் யூஎஸ்பி4 (அதிவேக யூஎஸ்பி). அதனால் கேமில் ஒரு ஃபிரேம்கூடக் கூடாது. மீதியை ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கூலர், கேபினெட் பங்கிட்டுக்கொள்ளட்டும். அதில் எஸ்எம்பிஎஸ்ஸின் பங்கைக் கடைசியில் எடுத்துப் பிராசஸருக்குக் கொடுக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ரைசன் 7 9800எக்ஸ்3டி 8 கோர்தான். அதைவிடக் கோர் அதிகமுள்ள பிராசஸர் அதே விலையில் கிடைக்கிறதே, ஏன் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: கேஷ் மெமரிக்காக (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி). சாதாரண 8 கோர் ரைசன் 7 9700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி. எக்ஸ்3டி சிப்பில் மேலும் 64 எம்பி அடுக்கி மொத்தம் 96 எம்பி. கேம் ஓடும்போது பிராசஸர் ராமிலிருந்து தகவல் வரக் காத்திருப்பதிலேயே கணிசமான நேரம் போகும். கைக்கெட்டும் தூரத்திலேயே சரக்கு இருந்தால் குடோனுக்கு ஓட வேண்டாம், அவ்வளவுதான் சூட்சுமம். 2023இல் வந்த 7800எக்ஸ்3டியில் இந்தக் கேஷ் கோர்களின் தலைமேல் இருந்து சூடு வெளியேறுவதைத் தடுத்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை அடியில் வைத்துவிட்டார்கள். கோர் நேராகக் கூலரைப் பார்க்கிறது, அதனால் கூடுதல் வேகத்தில் ஓட முடிகிறது.

ஆனால் உங்களுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. இப்போது இருக்கும் பிசியில் நீங்கள் ஆடும் கேமை ஓடவிட்டு ரெசல்யூஷனை 1440பியிலிருந்து 1080பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நன்றாக ஏறினால் இழுத்துப்பிடிப்பது கார்டு. அசையவே இல்லையென்றால் பிராசஸர். வேலோரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரிப் போட்டி கேம்களை 240 ஹெர்ட்ஸில் ஆடுகிறவருக்கு எக்ஸ்3டி காசுக்குத் தகும். 4கேயில் கதை கேம் ஆடுகிறவர் ரைசன் 5 7600 போட்டு, மிச்சத்தைக் கார்டில் போடலாம். 7600உடன் கூலரும் பெட்டியிலேயே வரும்.

பழைய பிசி வாங்கும் எண்ணமிருந்தால் இதையும் கவனியுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் காலப்போக்கில் கிராஷ் ஆகும் கோளாறு இருந்தது. 2024இல் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வந்தது. வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தார்கள். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்கும், ஏற்கனவே கெட்ட சிப்பைச் சரிசெய்யாது.

கேள்வி: டிடிஆர்5 6000 ராம் 16 ஜிபி இரண்டு போட்டிருந்தேன். அதே மாடலில் இன்னும் இரண்டு சேர்த்ததும் சிஸ்டம் பூட் ஆகவே இல்லை. எக்ஸ்போ என்ற ராம் வேக செட்டிங்கை நிறுத்தினால் பூட் ஆகிறது, வேகம் 3600 காட்டுகிறது. ராம் பழுதா?
– வாசகர், மதுரை

பதில்: பழுதில்லை. ஏஎம்5 சாக்கெட் பிராசஸரின் மெமரி கன்ட்ரோலருக்கு நான்கு ராம் என்பது பெரிய பாரம். ரைசன் 7000க்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது இரண்டு ராமுக்கு 5200, நான்குக்கு 3600. பெட்டியில் போட்டிருக்கும் 6000 என்பது எக்ஸ்போ புரொஃபைல், அதாவது ஓவர்கிளாக் (உத்தரவாத வேகத்துக்கு மேலே ஓட்டுவது). இரண்டு ராமில் அநேகமாக எல்லா சிப்பும் அதைத் தாங்கும். நான்கில் தாங்குவது அதிர்ஷ்டம். ஒரே மாடலாக இருந்தாலும் தனித்தனிப் பெட்டியில் வந்தவற்றில் உள்ளே இருக்கும் மெமரி சிப் வேறாக இருக்கலாம்.

பழைய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 6000இல் ஓட்டுங்கள், கேமுக்கு 32 ஜிபி போதும். 64 கட்டாயம் வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட் வாங்கி, இருப்பதை விற்றுவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் சிஎல் எண்ணையும் பாருங்கள். 6000 வேகம் சிஎல்30 என்றால் முதல் தகவல் வரும் தாமதம் 10 நானோநொடி; அதே 6000 சிஎல்40 என்றால் 13.3. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது 6000 மட்டும்தான். எக்ஸ்போவைப் பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது போர்டு ஓட்டும் அடிப்படை மென்பொருள்) கையால் ஆன் செய்ய வேண்டும். செய்யாமல் ஒரு வருடம் 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: கேபினெட்டோடு சேர்த்து ‘600 வாட்’ எஸ்எம்பிஎஸ் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். 5070 டிஐ கார்டுக்குப் போதுமா? புது பவர் கனெக்டர் உருகும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப் இருக்கிறது? அதை 12ஆல் பெருக்குங்கள். 30 ஆம்ப் என்றால் 360 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் யாரும் கேட்காத 3.3, 5 வோல்ட் கணக்கில் எழுதிய அலங்காரம்.

5070 டிஐ 300 வாட். 120 வாட் என்று சொல்லப்படும் 9800எக்ஸ்3டி மாதிரிப் பிராசஸர் முழுச்சுமையில் 162 வரை போகும். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60–70. கூட்டினால் சுமார் 530. இதற்கு மேல், கார்டு சில மில்லிநொடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும். வாட்மீட்டரில் அது தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட்டுக்குத் தெரியும். கேம் நடுவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று ஆஃப் ஆவதற்கு இது ஒரு பொதுவான காரணம். இந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும்படி வகுத்த ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரம் குறித்த 750 வாட் கோல்டு (மின்திறன் தரச்சான்று) வாங்குங்கள். பிற்பாடு கார்டு மாற்றும் யோசனையிருந்தால் 850.

உருகும் விவகாரத்தைக் கணக்காகவே பார்க்கலாம். அந்தக் கனெக்டரில் 12 வோல்ட் சுமக்கும் பின் 6. ஆர்டிஎக்ஸ் 5090 தன் 575 வாட்டையும் ஏறக்குறைய இதன் வழியே இழுத்தால் 48 ஆம்ப், பின்னுக்கு 8 ஆம்ப். ஒரு பின்னின் தாங்குதிறன் 9.5 ஆம்ப் அளவில்தான். ஒரு பின் சரியாகப் பதியாமல் மற்றவை அதன் பங்கைச் சுமந்தால் எல்லை தாண்டிவிடும். உங்கள் 300 வாட் கார்டில் பின்னுக்கு 4 ஆம்ப் சொச்சம், பயமில்லை. இருந்தாலும் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். கேபிளை வளைப்பதென்றால் கனெக்டரிலிருந்து 3–4 செ.மீ. நேராக விட்டு வளையுங்கள். கேபினெட் கண்ணாடி கேபிளை நெருக்கக் கூடாது.

9070 எக்ஸ்டியில் 8 பின் சாக்கெட் இரண்டோ மூன்றோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாதீர்கள். பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். பாகங்களின் பக்கமுள்ள முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ‘பொருந்துகிறதே’ என்று பழைய சாட்டா கேபிளை மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே காலி.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் மாற்றியும் அப்படியே இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் ஸ்க்ரூவில் லேசாக எரிகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் குற்றமில்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும்: 230இல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட். கசியும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் பிசியை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் அந்த வோல்டேஜ் கேபிள் வழியே பாயும், போர்ட் கருகலாம்.

எலக்ட்ரீஷியனை வைத்து பிசி இருக்கும் பிளக் பாயின்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–எர்த் இடையே ஃபேஸ்–நியூட்ரல் அளவே வர வேண்டும். நியூட்ரல்–எர்த் இடையே 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் குழி இருந்தும் வரவில்லையென்றால் கோடையில் குழி காய்ந்திருக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வயர் பாயின்ட் வரைக்கும் இழுத்திருக்கிறார்களா என்பதையும் பிளேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான்.

சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று போய்விடுவார்கள். ஷாக் நிற்கும், மீட்டரும் சரியாகக் காட்டும். பிறகு என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். இதை யாரையும் செய்யவிடாதீர்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டரையும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: கரன்ட் போனதும் பிசி ரீஸ்டார்ட் ஆகிறது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது, 600 விஏ யூபிஎஸ்ஸும் இருக்கிறது. ஸ்டெபிலைசரும் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்டெபிலைசர் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் 170க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். 200–240 என்று போட்ட மலிவு ரகமாக இருந்தால் அதையே மாற்றுங்கள்.

600 விஏ யூபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட். உங்கள் பிசி கேமில் அதைத் தாண்டும், கரன்ட் போன கணமே யூபிஎஸ் படுத்துவிடும். 1500 விஏ, 900 வாட் அளவில், பியூர் சைன்வேவ் (வீட்டு கரன்ட் போன்ற சீரான அலை தரும்) யூபிஎஸ் வாங்குங்கள். அதில் பிசி, மானிட்டர், மோடம் மூன்று மட்டும் போதும். அது கேமை ஆடி முடிக்க அல்ல, சேவ் செய்து அணைக்க. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் பின்னாலிருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது 12–17 மில்லிநொடிதான், சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அது தீர்ந்துவிடும். கரன்ட் இல்லாத நேரத்தில் கேமில் 60 எஃப்பிஎஸ் லிமிட் போட்டால் கார்டின் இழுப்பு நன்றாகக் குறையும்.

கேள்வி: ஜென்5 எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாக லோடு ஆகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆகாது. முந்தைய தலைமுறையான ஜென்4இல் நொடிக்கு 7,000 எம்பி வேகமே கேமுக்கு மிச்சம். காசை 1 டிபிக்குப் பதில் 2 டிபியில் போடுங்கள். அதோடு சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கார்டின் 16 லேன் (தகவல் பாதை) 8 ஆகக் குறையும். மேனுவலில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

கேள்வி: வேலூர் வெயிலில் 9800எக்ஸ்3டி பிராசஸர் 85 டிகிரி, கார்டு 80 டிகிரி காட்டுகிறது. ஏசி இல்லை. 360 எம்எம் லிக்விட் கூலர் போட்டே ஆக வேண்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: எந்தக் கூலரும் அறையின் காற்றைவிடக் குளிராக்க முடியாது. ரிவ்யூக்களில் 22–24 டிகிரி அறையில் 70 என்று காட்டியிருந்தால், 38 டிகிரி அறையில் அது 84–86. உங்கள் எண் கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. 9800எக்ஸ்3டியின் எல்லை 95.

முதலில் ஒரு சோதனை. கேமை 20 நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் 20 நிமிடம். கார்டு 6–7 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட். முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்ட கேபினெட் என்றால் உள்ளே வர காற்றுக்கு வழியில்லை. முன்னால் வலை, அங்கே இரண்டு 140 எம்எம் ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒரு 120 எம்எம் வெளியே தள்ள – இது போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கூடுதலாக இருந்தால் தூசியும் ஃபில்டரில் தங்கும். மாதம் ஒருமுறை கழுவிவிடலாம்.

இந்தப் பிராசஸருக்கு இரட்டை டவர் ஏர் கூலர் தாராளம். உயரம் 155–160 எம்எம் இருக்கும், உங்கள் கேபினெட்டின் எல்லையை முதலில் பாருங்கள். லிக்விட்தான் வேண்டுமென்றால் ரேடியேட்டரை மேலே மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 எம்எம் கார்டின் நீளத்துக்கான இடத்திலிருந்து போகும். பம்ப் மொத்த வட்டத்தின் உச்சியில் இருக்கக் கூடாது, காற்றுக்குமிழி அங்கே போய்ச் சேரும். கூலரின் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் கேட்டுவிடுகிறோம். கோபிக்க வேண்டாம், 85 டிகிரிக்கு அதுவும் ஒரு காரணமாக இருப்பதுண்டு.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. பி650 போர்டு, 9800எக்ஸ்3டி.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் சும்மா இருங்கள். டிடிஆர்5 முதல் தடவை ராமைப் பழகிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும், 15 நிமிடம் வரை கறுப்புத் திரைதான். இரண்டாவது நிமிடத்திலேயே பொறுமையிழந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் போர்டின் ஓரத்திலுள்ள சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு குட்டி லைட்டில் எது நிற்கிறது என்று பாருங்கள். டிராம் என்றால் ராமைக் கழற்றி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். விஜிஏ என்றால் கார்டின் பவர் கேபிள். சிபியு என்றால் போர்டின் மேல் இடது மூலையிலுள்ள 8 பின் கேபிளைப் பாருங்கள். மாட்ட மறப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அதுவும் சரியென்றால் உங்கள் விஷயத்தில் சந்தேகம் பயாஸ்மீது. கடையில் நெடுநாள் கிடந்த பி650 போர்டுக்கு 2024 கடைசியில் வந்த பிராசஸரைத் தெரியாது. போர்டின் பின்னால் ஃப்ளாஷ்பேக் (பயாஸை மாற்றும்) பட்டன் இருக்கிறதா பாருங்கள். பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, புதிய பயாஸ் ஜிப் ஃபைலை விரித்து, மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போடுங்கள். அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ் ஆன், பிசி ஆஃப் நிலையில் பட்டனை 3 நொடி அழுத்தினால் லைட் மினுக்கத் தொடங்கும். நிற்கும்வரை, சுமார் 5–10 நிமிடம், கரன்ட் போகக் கூடாது. பட்டனே இல்லையென்றால் வாங்கிய கடையில் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

பிராசஸர் சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏஎம்5இல் 1718 பின்னும் போர்டில்தான் இருக்கின்றன. மூடியில்லாமல் வாரன்டிக்கு அனுப்பினால், வழியில் வளைந்த பின்னுக்கும் பழி உங்கள்மேல் வரும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் ஒரே கார்டு பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. பில் இல்லாமல் வாங்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கேபினெட் என்றால் யோசிக்கலாம். கார்டு, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் கூடாது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். பெட்டியிலும் கார்டிலும் ஒட்டியுள்ள நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று கவுன்ட்டரிலேயே ஒப்பிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு சுற்றி இங்கே வந்திருந்தால் இந்திய சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும். கம்பெனி தளத்தில் நம்பரைப் போட்டு வாரன்டி இந்தியாவுக்குக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: 180 ஹெர்ட்ஸ் மானிட்டர், 9070 எக்ஸ்டி கார்டு. கேமில் 60ஐத் தாண்டவே இல்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா? படுக்கையாக இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றுங்கள், டிஸ்பிளேபோர்ட் கேபிள்தான் நல்லது. பிறகு விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங், அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 180 ஆக்குங்கள். அது பெரும்பாலும் தானாக மாறாது. கேமுக்குள் வி-சிங்க்கும் (ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டும் செட்டிங்) ஃபிரேம் லிமிட்டும் ஆஃபில் இருக்கட்டும்.